பிளாட்டிபஸ் பார்க்கப் போகிறவர்களுக்கு

அவுஸ்திரேலியா சென்று திரும்பும் நம்மவர்கள் கோலாவைக் கட்டியணைத்த புகைப்படத்தைக் காட்டுவதுண்டு. காசு கொடுத்துப் பெறும் அந்த அணைப்பு எனக்கு உவப்பானதன்று. பிரிஸ்பேனின் லோன் பைன் சரணாலயமே 2024 இல் அதனை நிறுத்திக்கொண்டது.

காணவேண்டியது ஆற்றில் திரியும் பிளாட்டிபஸ் என்பேன். முட்டையிட்டுப் பாலூட்டும் பிராணி. 1799 இல் அதனை விவரித்த ஜோர்ஜ் ஷோ, விலங்கின் தலையில் வாத்தலகை ஒட்டிய மோசடியோ என ஐயுற்றார். குயின்ஸ்லாந்தின் யங்கெலா தேசியப் பூங்காவில், புரோக்கன் ஆற்றங்கரையில், இதற்கெனவே மேடைகள் உள்ளன. விடியலிலோ அந்தியிலோ பேசாமல் நிற்கவேண்டும் (நம்மவர்க்கு இதுவே கடினம்). முதலில் குமிழிகள், பின்னர் வட்ட அலை. மேலே வந்து, இரையை மென்று, சில விநாடிகளில் மூழ்கிவிடும். நீருக்கடியில் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொண்டு, இரையின் தசை எழுப்பும் மின்துடிப்பை அலகால் உணர்ந்தே வேட்டையாடுகிறது.

ஆயினும் மூச்சுவிட மேலே வந்தாகவேண்டும். யாபி எனும் நன்னீர் இறாலுக்கு வைக்கும் மூடிய வலைக்கூட்டுக்குள் அகப்பட்டால், சில நிமிடங்களில் மூச்சடைத்து இறந்துவிடும். விக்டோரியா 2019 இலும் நியூ சவுத் வேல்ஸ் 2021 இலும் அக்கூடுகளைத் தடைசெய்தன. பழைய கூடுகள் வீடுகளில் இன்னும் கிடக்கலாம். அங்குள்ள உங்கள் உறவினர் வீட்டில் ஒன்றிருந்தால், ஆற்றுக்குப் புறப்படுமுன் வெட்டி எறியச் சொல்லுங்கள்.