பேருந்தில் ஏறாத விதிமுறைகள்

(இரண்டாமாண்டு வரலாற்று மாணவன்)

நம் கல்லூரி எங்கே தொடங்குகிறது? வளைவு வாயிலில் என்று சிலர் சொல்லக்கூடும். வருகைப் பதிவேட்டில் என்று பேராசிரியர்கள் சொல்லக்கூடும். கல்பாக்கத்திலிருந்து வரும் எங்களுக்கோ அது காலை ஏழரை மணிக்குப் பேருந்து நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. சதுரங்கப்பட்டினத்தார், புதுப்பட்டினத்தார், கடலோரக் குப்பங்களின் பிள்ளைகள், அணுமின் நிலையத்து ஒப்பந்தத் தொழிலாளரின் பிள்ளைகள் என்று எல்லோரும் அங்கே கூடுகிறோம். வழியில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பெருங்கூட்டம் ஏறும். நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் நாங்கள் அந்தப் பேருந்தில்தான் வாழ்கிறோம். எந்தப் பாடத்துக்கும் அவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டதில்லை!

பேராசிரியப் பெருமக்களில் சிலர் அறியாதிருக்கக்கூடும் என்பதால் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். ஒரே வழியில் வரும் மாணவர் கூட்டத்துக்கு 'ரூட்டு' என்று பெயர். அதன் தலைவன் 'ரூட்டுத் தல'. தேர்தல் கிடையாது, பதவிக் காலம் கிடையாது. மூன்றாமாண்டு மாணவருள் குரல் பெரிதாகவும் அச்சம் சிறிதாகவும் உடையவன் தலையாகிறான். படிக்கட்டு அவனுடைய அரியணை. பாட்டு எது, தாளம் எப்போது, புதியவன் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவன் கட்டளை.

இந்த அதிகாரம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். அரசு கலைக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. ஆனால் அட்டைக்காரர் இருபது பேர் நிற்கும் நிறுத்தத்தில் நிரம்பி வரும் பேருந்து நிற்பது ஓட்டுநரின் மனத்தைப் பொறுத்தது. அப்போது சாலையின் நடுவே இறங்கிக் கையை நீட்டி அதை நிறுத்துகிறவன் தல. முதலாண்டு மாணவன் முதல் மணி வகுப்புக்கு வந்து சேருவது அந்தக் கையால்தான். ஒரு நண்பரின் தந்தை இறந்தபோது ஒரே நாளில் பேருந்துக்குள்ளேயே பணம் திரட்டி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்ததும் இதே ரூட்டுதான். 'ரௌடிக் கூட்டம்' என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடுபவர் அந்தப் பேருந்தில் ஒருநாளும் வந்தவரல்லர்.

இனி நான் சொல்லக் கூசுவதைச் சொல்கிறேன்.

சென்ற ஜூலையில் ஒரு குப்பத்துத் தம்பி முதலாண்டில் சேர்ந்தான். ஒல்லியான பையன், நல்ல நீலச் சட்டை ஒன்றையே வாரத்தில் மூன்று நாள் போடுவான். மூன்றாம் நாள் அவனைப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, பேருந்தின் பக்கத் தகட்டைத் தட்டியபடி திருக்கழுக்குன்றம் வரை பாடச் சொன்னார்கள். "அண்ணா, எனக்குப் பாட வராதுண்ணா" என்றான். சிரித்தார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான். இருவரும் ஒரே நிறுத்தத்தில் ஏறுபவர்கள். நான் செய்த உதவி என்ன தெரியுமா? அவனுடைய பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். தொங்குவதற்கு இரண்டு கையும் வேண்டுமல்லவா! ஒரு வளைவில் அவன் கால் நழுவியது. யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்து போயிற்று, நீலச் சட்டை தோளோடு கிழிந்தது. நடத்துநர் விசில் ஊதித் திட்டினார். இரண்டு நிமிடம் அமைதி. பிறகு மீண்டும் தாளம்.

அதன்பின் நான்கு நாள் வந்தான். அப்புறம் வரவில்லை. செப்டம்பரில் கடற்கரையில் வலை மடித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து, "ஏன் தம்பி காலேஜுக்கு வரலை?" என்று கேட்டேன். "பஸ்ஸு கிடைக்கலைண்ணா" என்றான். குனிந்த தலை நிமிரவில்லை.

அதே ஜூலையில்தான் நானும் என் தந்தையும் தனித்தனியே உறுதிமொழிப் பத்திரம் கொடுத்திருந்தோம். ராகிங்கில் ஈடுபட மாட்டேன், அதற்குத் துணைபோகவும் மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பையை மடியில் வைத்துக்கொண்டது துணைபோனது ஆகாதா? இந்தக் கேள்விக்காகவே நூலகத்தில் உட்கார்ந்து விதிகளைப் படிக்கத் தொடங்கினேன்.

இந்தச் சட்டங்கள் எல்லாம் ஒரு சாவுக்குப் பின்பே பிறந்திருக்கின்றன. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த பொன்னுசாமியின் மகன் அவர். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே பாதுகாப்பில்லை என்று நாடு பதறியது. 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. வழக்கோ 1998-இல் கடலூரில் தண்டனை, 2001-இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2011-இல் உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் ஆயுள் தண்டனை என்று பதினைந்து ஆண்டு நடந்தது. ஈழத் தமிழர் இந்தக் கொடுமையைப் 'பகடிவதை' என்பர். 1997-இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் அதற்குப் பலியான பிறகு, 1998-இல் இலங்கையும் சட்டம் செய்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் மருத்துவ மாணவர் அமன் கச்ரூ இறந்தார். அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் வந்தன.

நம் மாநிலச் சட்டத்தில் இரண்டு செய்திகள் என்னை நிறுத்தின. கல்வி நிறுவனத்துக்கு உள்ளே மட்டுமன்றி வெளியே நடக்கும் ராகிங்கும் குற்றம். ஈராண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகார் வந்தும் நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்கத் தவறினால் அவரும் உடந்தையாகவே கருதப்படுவார். மானியக் குழுவின் விதிமுறையோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. மாணவர் பயன்படுத்தும் போக்குவரத்து, அது பொதுவாயினும் தனியாராயினும், அதன் எல்லைக்குள் வருகிறது. அதாவது எங்கள் பேருந்தும் கல்லூரிதான்! 'வாசலுக்கு வெளியே நடப்பதற்கு நாம் என்ன செய்ய முடியும்?' என்று எங்கும் கேட்கப்படும் சொல்லுக்கு ஏட்டளவில் இடமே இல்லை.

ஆனால் ஏடு பேருந்தில் ஏறுவதில்லை. உறுதிமொழி ஆண்டுத் தொடக்கத்தில் வருகிறது. போலீஸ் அடிதடிக்குப் பின் வருகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இருநூறு காலைகளில் யாரும் வருவதில்லை. சென்னையைப் பாருங்கள். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மாலையிட்டு நன்றி சொல்லும் நாளாக இருந்த 'பஸ் டே', கல்வீச்சும் கைகலப்புமாகி, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்கும் நிலைக்கு வந்தது. தடை இருந்தும் 2019 ஜூனில் கல்லூரி திறந்த நாளில் மாணவர்கள் பேருந்தின் கூரைமேல் ஏறினார்கள். வண்டி சட்டென்று நிற்கவும் கொத்தாக முன்பக்கம் சரிந்து விழுந்தார்கள். அடுத்த மாதமே அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பேருந்துக்குள் பட்டாக்கத்தி. போலீசார் ரூட்டுத் தலைகளைத் தேடிப் பிடித்து நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கினர். 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் வேறொரு கல்லூரி மாணவர்களால் சென்ட்ரல் இரயில் நிலையத்தருகே தாக்கப்பட்டு, சில நாட்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். எங்கள் ரூட்டில் கத்தி இல்லை என்று நாங்கள் பெருமை பேசுவதுண்டு. பெருமைதான்!

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதைவிடப் பழமையான ரூட்டுகள் உண்டு. கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்ட சகோதரச் சங்கங்கள் அவை. சொந்த வீடும் பழைய மாணவர்களின் பணமும் உண்டு. 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துச் சங்க வீடொன்றில், புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் அளவுக்கு மீறி மது குடிக்க வைக்கப்பட்டுப் படியில் விழுந்தார். ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் ஆம்புலன்சை அழைக்காமல் இருந்துவிட்டார்கள். அவர் இறந்தார். அந்த வீட்டில் கண்காணிப்புக் கேமரா இருந்தது. ஆலோசகர் ஒருவரும் அங்கேயே குடியிருந்தார். அதுவரை சங்கங்களின் ஒழுக்கத்தை விசாரித்து வந்தது சங்கத்தாரின் கூட்டமைப்பே. அதன்பின் பல்கலைக்கழகம் அந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டது. பணக்கார நாட்டிலும் கதை இப்படித்தான். கேமரா பார்த்துக்கொண்டுதான் இருந்தது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் தந்தை அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். கதிரியக்கப் பகுதிக்குள் போகிறவர் சட்டையில் ஒரு சிறு பட்டையை அணிந்துகொள்ள வேண்டும். அதை அவ்வப்போது எடுத்து, அந்த மனிதர் ஏற்ற கதிர்வீச்சு எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். வாசலில் காவல் பலமாக இருக்கிறது என்பதற்காக யாரும் அந்தப் பட்டையைக் கழற்றி வைப்பதில்லை. எங்கள் பேருந்தில் அத்தகைய பட்டை எது?

விடை அந்த விதிமுறையிலேயே இருக்கக் கண்டேன். ஆறு புதிய மாணவருக்கு ஒரு மூத்த மாணவர் வழிகாட்டி. அத்தகைய வழிகாட்டிகள் ஆறு பேருக்கு அவர்களினும் மூத்த ஒருவர் என்று அது அடுக்கு வகுத்திருக்கிறது. படித்ததும் சிரிப்பு வந்தது. ரூட்டும் இதே அடுக்குதானே! வேறுபாடு ஒன்றுதான்: விதிமுறையின் மூத்தவன் பதில் சொல்ல வேண்டியவன், எங்கள் தல யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவன்.

ஆகவே நான் கேட்பது பெரிய செலவுள்ளதன்று. ஒவ்வொரு பேருந்து வழிக்கும் மாணவர் பட்டியல் ஒன்று ஆண்டுத் தொடக்கத்தில் பலகையில் ஒட்டப்பட வேண்டும். அதன் அடியில் ஒரு பேராசிரியரின் பெயரும், அவர் தெரிந்தெடுத்த மூத்த மாணவர் இருவரின் பெயரும் இருக்க வேண்டும். முதலாண்டு மாணவர்களை மட்டும், மூத்தவர் யாரும் இல்லாமல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்தப் பேராசிரியர் சந்திக்க வேண்டும். ஒருவன் நான்கு நாள் வராவிட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். அப்படி ஒருவர் கேட்டிருந்தால் அந்தத் தம்பி இன்று இரண்டாம் பருவத் தேர்வு எழுதிக்கொண்டிருப்பான் என்றே நம்புகிறேன். பேருந்து நிற்காத புகாரையும் கல்லூரியே முறைப்படி எழுதி அனுப்பட்டும். நடுச்சாலையில் நீளும் கைக்கு வேலையில்லாமற் போனால் தலைக்கும் பாதி வேலை போய்விடும்.

'தலைக்கே பதவிச் சின்னம் கொடுப்பதாகாதா இது?' என்று ஒரு நண்பர் என்னோடு வாதிட்டார். நியாயமான அச்சம். தானே தலையாகிறவனுக்கு அந்தப் பெயர் போகக்கூடாது என்பதால்தான் பேராசிரியர் தெரிந்தெடுக்கட்டும் என்கிறேன். அந்த இருவரில் ஒருவர் கட்டாயம் மாணவியாக இருக்க வேண்டும். முன் இருக்கைகளில் உட்கார்ந்திருக்கும் சகோதரிகள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். பாட்டும் தொங்கலும் பெரும்பாலும் அவர்கள் பார்ப்பதற்காகவே நடக்கின்றன. அவர்களுக்கு அது பிடித்திருக்கிறதா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன். "எப்படா ஊரு வரும்னு இருக்கும்" என்றார் ஒருவர்.

வரும் ஆண்டு நான் மூன்றாமாண்டு. "அடுத்த தல நீதான்" என்று இப்போதே தோளில் தட்டுகிறார்கள். மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். இன்னும் வாய்விட்டு மறுக்கவில்லை. பயம் இருக்கிறது. அதற்குப் பதிலாக, மேலே சொன்ன பட்டியலை எங்கள் வழிக்கு முதலில் தொடங்குமாறு முதல்வர் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். பதினொருவர் கையெழுத்திட்டிருக்கிறோம், அவர்களில் எழுவர் மாணவியர். கையெழுத்துக்காகக் குப்பத்துக்கும் போயிருந்தேன். தம்பி தாளைப் படித்துப் பார்த்தான். "நான் இப்போ உங்க காலேஜ் இல்லையேண்ணா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். மறுசேர்க்கைக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று அலுவலகத்தில் விசாரித்து வைத்திருக்கிறேன்.