பால் மாவும் பரோபகாரமும்

பலம் பொருந்திய ஒரு ஜாதியார் தங்கள் வயிற்றையே மனித வயிற்றுக்கு இலக்கணமாக வைத்துக்கொண்டால் என்ன விளையும் என்பதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆதிக்குடிகளுக்குப் பால் புகட்டப்பட்ட கதையைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

1493-ம் வருஷத்தில் கொலம்பஸ் தமது இரண்டாம் யாத்திரையில் மாடுகளைக் கொண்டுவந்து இறக்கும் வரையில், அந்தப் பெருங்கண்டத்தில் பால் கறக்கும் வழக்கமே கிடையாது. ஆண்டிஸ் மலைவாசிகள் லாமாவை வளர்த்தார்கள், பொதி ஏற்றினார்கள், கறக்கவில்லை. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைப் பிளந்து ஜீரணிக்கச் செய்வது லாக்டேஸ் என்னும் என்ஸைம். பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அது உண்டு. பால்குடி மறந்த பின் சில வருஷங்களில் அது குன்றிவிடுவதுதான் மனித இனத்தின் பொது இயல்பு. அதன் பிறகு நிறையப் பால் அருந்தினால், ஜீரணமாகாத சர்க்கரை பெருங்குடலில் புளித்து, வயிறு உப்புகிறது, வலிக்கிறது, பேதியாகிறது. மாடு மேய்த்துப் பிழைத்த சில கூட்டத்தாரிடம் மட்டும், சில ஆயிரம் வருஷங்களுக்குள், இந்த என்ஸைம் ஆயுள் முழுவதும் சுரக்கும்படியான ஒரு பரம்பரை மாறுதல் பரவிற்று. ஐரோப்பியரிடம் காணப்படும் மாறுதல் இன்னது என்று 2002-ம் வருஷத்தில் பின்லாந்து ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தனர்.

உண்மை இவ்வாறிருக்க, 1965-ம் வருஷத்தில் பால்டிமோர் வைத்தியர்கள், நீக்ரோ வகுப்பினரில் பெரும்பாலோருக்கும் வெள்ளையரில் சிலருக்கும் பால் ஜீரணமாகவில்லை என்று கண்டபோது, அதற்கு இட்ட பெயர் என்ன? 'குறைபாடு' என்பதே! உலகத்தில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் இந்தக் 'குறைபாடு' உடையவர்கள். மூவரில் இருவருக்குள்ளதைக் குறை என்றும், ஒருவருக்குள்ளதை ஆரோக்கியம் என்றும் அழைக்கும் கணக்கு நமக்கு விளங்கவில்லை.

இது தோலின் நிறத்தைப் பொறுத்த விஷயமுமன்று. நமது நீலகிரியில் எருமைப் பாலையே ஜீவனமாகக் கொண்ட தோடர்களிடம் ஐரோப்பியருக்குள்ள அதே மாறுதல் மிகுதியாக இருக்கிறது. சுற்றியுள்ள தென்னாட்டாரில் பெரும்பாலோரிடம் அது இல்லை. (நாம் மோர் பெருக்கி உண்பவர்களாயிருப்பதும் அனுபவம் தந்த அறிவேயன்றோ?) தாய் தந்தையரில் ஒருவர் வழியாக வந்தாலும் இந்த மாறுதல் பலன் தரும். ஆகவேதான் 1977-ல் அரிஸோனாவின் பிமா ஜனங்களைச் சோதித்தபோது, கலப்பில்லாத வம்சத்தாரில் வயது வந்த அநேகமாக எல்லோருக்கும் பால் ஒவ்வாமலிருக்க, ஐரோப்பிய இரத்தம் கலந்தவர்களில் பலருக்கு அது ஒத்துக்கொண்டது. ஒரே கிராமத்தில், ஒரே குடும்பத்தில்கூட, அண்ணனுக்கு அமிர்தமானது தம்பிக்கு உபத்திரவமாகலாம்.

அதே 1977-ம் வருஷத்தில்தான் ஆதிக்குடிகளின் ஒதுக்கு நிலங்களுக்கு உணவுப் பொருள் வழங்கும் திட்டமும் சட்டமாயிற்று. வேட்டைக் காடும் விளைநிலமும் பறிபோனவர்களுக்கு வந்த பெட்டிகளில் பால் மாவும், டப்பிப் பாலும், பாலாடைக்கட்டியும் இருந்தன. ஏன் பால்? கறவைப் பண்ணைக்காரருக்கு விலை வீழ்ந்துவிடாதபடி சர்க்கார் தானே பாற்பொருள்களை வாங்கிக் கிடங்குகளில் குவித்து வந்தது. 1981-ல் ரீகன் தேக்கத்திலிருந்து மூன்று கோடி ராத்தல் பாலாடைக்கட்டியை ஏழைகளுக்கு வழங்க உத்தரவிட்டதும் இந்தக் குவியலின் பாரம் தாங்காமல்தான். மிஞ்சியதைத் தள்ளிவிடுவதற்குத் தருமம் என்று பெயர்! வாங்குபவன் வயிற்றை யார் கேட்டார்கள்? பள்ளிக்கூடங்களிலும் இதே கதை. 1946-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் வந்த பகலுணவில் பால் இன்றியமையாத அங்கமாயிற்று. அது ஒவ்வாத பிள்ளைக்கு வேறு பானம் வேண்டின், பெற்றோராவது வைத்தியராவது எழுதித் தர வேண்டியிருந்தது. தந்தாலும் கொடுப்பதும் மறுப்பதும் பள்ளிக்கூடத்தின் இஷ்டம் என்று 2008-ம் வருஷத்து விதி கூறிற்று.

பால் விஷமென்று நாம் சொல்லவில்லை. ஒவ்வாதவர்களிலும் பலர் உணவோடு ஒரு குவளை அருந்தி உபத்திரவமின்றி இருப்பர். தயிரிலும் பழுத்த பாலாடைக்கட்டியிலும் சர்க்கரை குறைவு. சிசுக்களின் விஷயம் வேறு. ஆனால் "பால் இல்லாவிடில் எலும்புக்குச் சுண்ணச் சத்து ஏது?" என்று கேட்போர் நவஹோ மாதரின் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கட்டும். ஜூனிப்பர் மரத்தின் தழையை எரித்துச் சலித்த சாம்பலை நீலச் சோளமாவில் கலந்து அவர்கள் கூழ் காய்ச்சுகிறார்கள். அந்தச் சாம்பலில் ஒரு கிராமில், ஏறக்குறைய ஒரு குவளைப் பாலிலுள்ள சுண்ணச் சத்து அடங்கியிருப்பதை ஸயன்ஸ் நிபுணர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். நிபுணர் அளப்பதற்கு முன்னமே அந்தப் பாட்டிமார்கள் பிள்ளைகளை வளர்த்துவிட்டார்கள். ஆயினும் 2011-ல் அமெரிக்க சர்க்கார் வெளியிட்ட உணவுத் தட்டுப் படத்தில் பாலுக்குத் தனி வட்டம் இருந்தது; சாம்பல் கலந்த கூழுக்கு இடமில்லை.

2018-ம் வருஷத்து விவசாயச் சட்டம், பெட்டியில் வைக்கவேண்டிய பொருள்களில் சிலவற்றை ஆதிக்குடிச் சபைகளே கொள்முதல் செய்ய இடம் தந்தது. 2021-ல் முதல் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. அந்த அளவில் சந்தோஷமே. ஆனால் அதைப் 'பரீட்சார்த்த' ஏற்பாடு என்று சட்டமே வர்ணித்தது. தன் பிள்ளை எதை உண்ணவேண்டும் என்று ஒரு ஜனசமூகம் தானே தீர்மானிப்பதில் பரீட்சை என்ன வேண்டிக்கிடக்கிறது? பல தலைமுறையாகப் பரீட்சை நடந்தது பால் மாவைக் கொண்டு அந்த ஜனங்களின் வயிற்றில்தான். இனிக் கொள்முதல் அதிகாரத்தைத் தயக்கமின்றி, தவணையின்றி, எல்லாச் சபைகளுக்கும் ஒப்படைத்துவிடுவதே வாஷிங்டன் செய்யத்தக்க காரியம்.