முன்சக்கரத்தின் அளவு

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைக் குறித்து நம் மாணவ நண்பரிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கின்றது. டயர் பருத்திருந்தால் பிடிப்பு மிகும், வண்டியும் கம்பீரமாய்த் தோன்றும் என்பதே அது. ஜவ்வாது மலைக்கு வண்டியோட்டிச் செல்லும் இளைஞர் சிலர், வண்டியைச் செய்தோர் இட்ட டயரைக் கழற்றிவிட்டு, அதனினும் அகலமானதொன்றை மாட்டிக்கொள்ளுகின்றனர். இவ்வழக்கம் நன்றன்று என்பதும், மண்வழிக்கு முன்சக்கரத்தில் வேண்டுவது பருமையன்று, உயரமே என்பதும் நமது துணிபு.

திருவண்ணாமலையில் வாழ்வார்க்கு இதற்குச் சான்று தொலைவில் இல்லை. தார்ச்சாலை காணாத காலத்தில் நம் உழவர் மாட்டுவண்டிக்கு உயர்ந்த சக்கரமே பூட்டினர். சிறுசக்கரம் பள்ளத்துள் இறங்கிவிடும். பெருஞ்சக்கரம் அதன் இரு கரைகளையும் பற்றிக் கடந்துவிடும். கார்த்திகைத் தீபப் பெருவிழாவில் மாட வீதிகளில் தேர்கள் பெருஞ்சக்கரங்களில் உருண்டு வருதலையும் ஆண்டுதோறும் காண்கின்றோம்.

இதனைக் கணக்கிட்டும் காட்டலாம். நகரத்து வண்டிகள் பலவற்றில் முன்னே இருப்பது 110/70-17 என்னும் டயர். அதன் ஆரம் ஏறக்குறைய 293 மில்லிமீட்டர். மண்வழி வண்டிகளுக்குரிய 90/90-21 டயரின் ஆரமோ 348 மில்லிமீட்டர். வழியில் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள கல்லொன்று கிடக்கின்றது என்று கொள்வோம். சக்கரத்தின்மேல் உள்ள சுமை 100 பங்காயின், நின்ற நிலையிலிருந்து அக்கல்லின்மேல் ஏறுவதற்குச் சிறுசக்கரத்துக்கு 114 பங்கு உந்துவிசை வேண்டும்; பெருஞ்சக்கரத்துக்கு 98 பங்கே போதும். டயர் நசுங்குதலை இதிற் சேர்க்கவில்லை. கல் தரும் அடி கையில் உறைப்பதும் குறைவதும் இவ்வேறுபாட்டைப் பொறுத்தனவே.

நம் நாட்டிலேயே இதற்கு நல்லதோர் ஒப்புமை உண்டு. சென்னையைச் சார்ந்த ராயல் என்பீல்டு நிறுவனம் 2016-இல் ‘ஹிமாலயன்’ என்னும் வண்டியை வெளியிட்டது. அதன் முன்சக்கரம் 21 அங்குலம். பின்னர் 2022-இல் அதே 411 சி.சி. எஞ்சினைக் கொண்டு, 19 அங்குல முன்சக்கரத்துடன் ‘ஸ்கிராம் 411’ வந்தது. முன்னதில் டயர் 90/90-21, பின்னதில் 100/90-19. ஒன்று மலைவழிக்கும் மற்றொன்று நகரத்துக்கும் என்பதே செய்தோர் கருத்து. டயர் அகன்றது, ஆயினும் அச்சு ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் தாழ்ந்தது. திருப்புதல் எளிதாயிற்று, கரடுமுரடான நிலத்தைத் தாண்டும் ஆற்றல் குறைந்தது. ஒன்றைப் பெறுங்கால் மற்றொன்றை இழத்தல் இயல்பே.

உயர்ந்த சக்கரம் குறையற்றது என்று நாம் கூறவில்லை. அது சுழலுங்கால் தன் நேர்வழியினின்று எளிதில் விலகாது. ஆகவே மேட்டுப் பள்ளங்களில் உறுதி தரும் அச்சக்கரமே, நெருக்கமான வளைவுகளில் தாமதித்துத் திரும்பும். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் கடைவீதியையும் அன்றிப் பிறவழி காணாத மாணவனுக்கு 21 அங்குலம் வேண்டுவதேயில்லை.

இனி அகலத்தை நோக்குவோம். ஒல்லியான டயர் மேற்சேற்றைப் பிளந்து அடியிலுள்ள கெட்டி நிலத்தைப் பற்றும். பருத்த டயர் சேற்றின்மேல் மிதந்து வழுக்கும். ஆழ்ந்த மணலில் அகலம் உதவும் என்று மறுப்போர் உளர். அஃது உண்மையே. ஆயின் நம் மலையிற் கிடப்பது பாலைநில மணலன்று; கல்லும் செம்மண்ணும் மழைக்காலச் சேறுமே. அன்றியும் குறுகிய ரிம்மில் அகன்ற டயரை ஏற்றினால் அதன் விளிம்புகள் நெருக்குண்டு முகடு கூம்பிவிடும். எதிர்பார்த்த பிடிப்புக் கிட்டாது.

டயரை மாற்றியே தீரவேண்டுமெனின், வண்டியின் அமைப்பையும் உடன் நோக்குதல் கடன். 80/100-21 இருந்த இடத்தில் 90/100-21 இட்டால் அச்சு 10 மில்லிமீட்டர் உயரும். முன்புறம் நிமிர்ந்து, போர்க்கின் சாய்வு மிகுந்து, ஹாண்டில்பார் கனத்துத் திரும்பும். போர்க் குழாய்களை அவற்றைப் பிடித்திருக்கும் தட்டுகளில் 10 மில்லிமீட்டர் மேலேற்றிப் பொருத்தினால் முன்புறம் பழைய உயரத்துக்கு வரும். கூடிய எடை மட்டும் குறையாது. அங்ஙனம் ஏற்றுமுன், போர்க் முழுதும் அமுங்குங்கால் டயர் மட்கார்டையோ கீழ்த்தட்டையோ தொடாமலிருக்கின்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேகத்தை முன்சக்கரத்தினின்று அளக்கும் வண்டிகளில் வேகமானியும் பிழைபடக் காட்டும்.

பிடிப்பை நாடுவோர் முதலிற் செய்யத்தக்கது காற்றழுத்தத்தைச் சீர்செய்தலே. இதற்குச் செலவில்லை. மண்தளப் பந்தய வண்டிகளுக்குச் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 12 முதல் 15 பவுண்டு வைப்பது வழக்கம். எடை மிகுந்த சாலை வண்டிக்கு அவ்வளவு குறைத்தலாகாது. கல்லில் ரிம் நசுங்கும், டியூப் கிழியும். சிறிதளவே குறைத்து, தார்ச்சாலைக்கு மீண்டதும் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். முன்சக்கரம் வழுக்கினால் விழுதற்கு முன் சிந்திக்கவும் நேரமிராது. வழி காட்டுவதும் பெரும்பகுதி பிரேக்கைத் தாங்குவதும் அதுவே. ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வளைவுகளில் நண்பரைப் பின்னே ஏற்றிச் செல்லும் ஒருவன், தன் உயிரோடு பிறர் உயிரையும் அவ்வொரு டயரின்மேல் வைத்திருக்கின்றான். ஆதலின் முன்சக்கரத்தைக் கண்ணுக்கு அழகாகத் தேர்தல் தகாது. செல்லும் வழிக்கு ஏற்பத் தேர்தலே அறிவுடைமை.