பாட்டைக் குறைத்துவிட்டுக் கேட்போம்

ஞாயிறு ஆராதனை முடிந்து, பின் இருக்கையில் இரண்டு அம்மம்மாமாரை ஏற்றிக்கொண்டு ஸ்டீல்ஸ் வீதியில் போகிறோம். குழியில் இறங்கும்போதெல்லாம் முன்சில்லுப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். நாம் என்ன செய்கிறோம்? பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறோம்.

மில்லிக்கனில் நம்மில் பலருடைய முதல் கார், அப்பா ஓடித் தேய்ந்த கார்தான். ஒன்ராறியோவில் சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. கார்களுக்கான புகைச் சோதனையும் 2019 ஏப்ரலில் நின்றுவிட்டது. ஒரே வீட்டில் பத்து வருடம் ஓடும் காரைப் பார்த்து, "சஸ்பென்ஷன் எப்படி?" என்று கேட்க ஒருவரும் வரப்போவதில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஷாக் தேய்ந்தால் உடம்பு குலுங்குவதோடு முடியாது. சில்லு ரோட்டைப் பிடிப்பது குறையும். பிரேக் போட்டாலும் கார் சற்றுத் தள்ளித்தான் நிற்கும். பனிக்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு ஸ்பிரிங்கையும் போல்ட்டையும் அரிக்கிறது.

"படிக்கிற பிள்ளைக்கு ஏன் இந்தக் கிரீஸ் வேலை?" என்று வீட்டில் கேட்பார்கள். இதுவும் படிப்புத்தான் என்பது எங்கள் எண்ணம். தம்பிமாரும் தங்கைமாரும் சிறியதில் தொடங்கலாம். அந்த 'டக்' சத்தத்துக்குப் பல தடவை காரணம் ஸ்வே பார் லிங்க் என்ற சின்னப் பாகம். துருப்பிடித்த நட்டுக்கு முதல்நாள் மாலையே எண்ணெய் அடித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஷாக், ஸ்ட்ரட் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, காரின் பாரம் சில்லில் இறங்கிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது ரப்பர் சீக்கிரம் கிழியும். ஸ்ட்ரட் மாற்றினால் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும்.

ஆனால் துணிச்சல் வேறு, கண்மூடித்தனம் வேறு. ஜாக்கை மட்டும் நம்பி ஒருவரும் காருக்கு அடியில் போகக் கூடாது. ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் உயிரே போகலாம். அதனால் ஸ்பிரிங்கோடு பூட்டியே வரும் ஸ்ட்ரட்டை வாங்குவதே நல்லது. பால் ஜாயின்ட் ஆடினால் காரை ஓடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் இந்த வேலையில் ஒரு பாடம்.

சபையில் கராஜ் வேலை தெரிந்த மாமாமார் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை அவர்களோடு நின்று பழகுவோம். நம்மை நம்பிக் கதவைத் திறந்து ஏறுகிற அம்மம்மாவுக்கு ஸ்ட்ரட் என்றால் என்னவென்று தெரியாது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வரும் ஞாயிறு, பாட்டைக் கொஞ்சம் குறைத்துவிட்டுக் கேட்போம்.