ஆட்டுக்குப் பின்னால் ஓர் ஆடு

கணினியோடு முறைவைத்து ஆடும் போர் விளையாட்டுகளில் தோற்பவர்கள், படை போதவில்லை என்றே பெரும்பாலும் குறைப்படுகிறார்கள். திருப்பதி, சித்தூர்ப் பக்கம் தமிழருக்கும் தெலுங்கருக்கும் பொதுவான ஆடுபுலி ஆட்டத்தின் கணக்கு வேறு. 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆடுகள் ஐந்து மடங்கு இருந்தும், தனித்து நிற்பதைப் புலி தாண்டி வெட்டிவிடும். பின்புள்ளியில் இன்னோர் ஆடு நின்றால் தாண்ட இடமில்லை. ‘சிவிலைசேஷன்’ என்ற கணினிப் போர் ஆட்டத்திலும் இதே நியாயம்தான். 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படைதான் நிற்கலாம். முன்னே ஈட்டிவீரர், பின்னே வில்லாளிகள், எதிரே ஓர் ஆறு என்று நிறுத்தினால், கணினியின் பெரும்படை துண்டுதுண்டாக வந்து மடியும்.

இயந்திரத்தின் மந்தத்தை வைத்து வெல்வது திறமையா என்று கேட்கலாம். ஆறாம் பதிப்பில் கடினநிலையை உயர்த்தினால் கணினிக்குக் கூடுவது பெரும்பாலும் உற்பத்தியிலும் போர்வலிமையிலும் சலுகைதான். சலுகை வாங்கிய எதிரியை இடம் பார்த்து மடக்குவதில் அநியாயம் என்ன? சதுரங்க வீரர் காஸ்பரோவையே 1997இல் கணினி வீழ்த்தியதே என்பார்கள். சதுரங்கத்தில் ஒரு முறைக்கு ஒரு நகர்வு. இங்கோ ஒரே முறையில் எல்லாப் படைகளும் நகரலாம். வாய்ப்புகள் பெருகப் பெருகக் கணினி தடுமாறுகிறது. அடிபட்ட படையைப் பின்னிழுத்துத் தேற்றுவதற்கான அவகாசம் நமக்கு அங்கேதான் கிடைக்கிறது.