ராமானுஜன் படிக்காத மேதையா?

முறையான படிப்பு இல்லாததால்தான் கணித மேதை ராமானுஜனுக்கு அப்படிப்பட்ட யோசனைகள் வந்தன, கல்லூரியில் தேறியிருந்தால் மூளை மழுங்கியிருக்கும் என்கிறார்கள். பிள்ளைகள் இதை நம்பிவிடுவதால் மறுத்தாக வேண்டும்.

அவர் படிக்காதவர் என்பதே தவறு. எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தோற்றார், இந்தியாவில் பட்டம் பெறவில்லை, அவ்வளவுதான். பள்ளி நாட்களிலேயே லோனியின் முக்கோணவியல் நூலைக் கரைத்துக் குடித்தவர். 1903-ல் கைக்கு வந்த கார் என்பவரின் தொகுப்பு நூலில் சுமார் 5,000 முடிவுகள் இருந்தன, நிரூபணம் பெயரளவுக்குத்தான். அவற்றைத் தானே நிறுவிப் பார்த்தார். இதைவிடக் கடும் பயிற்சி எந்தக் கல்லூரியில் உண்டு?

குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் அருளினார் என்பது அவருடைய நம்பிக்கை. அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் தாளுக்குக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றியவரும் அவர்தான். நோட்டில் வழிமுறை இல்லை என்பதற்காக உழைப்பே இல்லை என்றாகிவிடாது.

கூடுதல் அறிவு அவரைக் கெடுத்திருக்குமா? 1913-ல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதியபோது பகா எண்களைப் பற்றி அவர் உறுதியாகச் சொன்னவை பிழையாயின. சிக்கலெண் சார்புகளின் கோட்பாடு அப்போது அவருக்குத் தெரியாததே காரணம். ஐந்தாண்டு கழித்து, ஓர் எண்ணைக் கூட்டல்களாகப் பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கைக்கு ஹார்டியோடு சேர்ந்து சூத்திரம் கண்டார். 200-ஐப் பிரிக்கும் வழிகள் 39,72,99,90,29,388 என்று கணிதவியலாளர் மக்மஹோன் கையால் கணக்கிட்டிருந்தார். சூத்திரம் தந்த விடை அதிலிருந்து ஒன்றின் நூறில் ஒரு பங்குகூட விலகவில்லை. இத்தனை துல்லியம் சாத்தியம் என்று விடாப்பிடியாக நின்றவர் ராமானுஜன் என்று ஹார்டியின் சக கணிதவியலாளர் லிட்டில்வுட் பதிவுசெய்திருக்கிறார். அதை நிறுவிய பகுப்பாய்வுத் திறன் ஹார்டியுடையது. ஒருவர் இல்லாமல் மற்றவரால் அது முடிந்திருக்காது.

அந்த விடாப்பிடிதான் அவருடைய குணம். வேறு பாடங்களைத் தொடவிடாமல் தேர்வில் தோற்கவைத்ததும், நோட்டுகளோடு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போகவைத்ததும், கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் இருவர் கைவிரித்த பிறகும் ஹார்டிக்கு எழுதவைத்ததும் அதுதான். நிரூபிக்கும் முன்பே முடிவுக்குத் தாவவைத்து, பகா எண்களில் சறுக்கவிட்டதும் அதே குணம்தான்.

ஆசிரியர்களே, பெற்றோரே, படிப்பு வேண்டாம் என்பதற்கு ராமானுஜனைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். கணக்கில் ஆசையுள்ள பிள்ளைக்கு அதன் வகுப்பைத் தாண்டிய நல்ல புத்தகம் ஒன்றைத் தேடிக் கொடுங்கள்.