பையவுட்: கோபம் யார்மேல்?

2021 மார்ச்சில் பிளேக் கிரிஃபின், டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் தனக்குத் தரவேண்டிய சம்பளத்தில் சுமார் 1.3 கோடி டாலரை விட்டுக்கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். என்.பி.ஏ.வில் இதுதான் பையவுட். பிறகு டுரான்ட், ஹார்டன், அர்விங் ஆடிய புரூக்ளின் நெட்ஸில் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். பல ரசிகர்கள் கடுப்பானார்கள்.

என்னைக் கேட்டால், தப்பு அவர்மேல் இல்லை. 2017இல் ஐந்து வருட ஒப்பந்தம் போட்ட கிளிப்பர்ஸ், அடுத்த ஜனவரியிலேயே அவரை டெட்ராய்ட்டுக்கு அனுப்பிவிட்டது. அணி அனுப்பினால் வியாபாரம், வீரர் கிளம்பினால் துரோகமா?

ஆனால் நெட்ஸுக்குக் கிடைத்தது சும்மா வந்த லாபம். பணக்கார அணிகளே எல்லாரையும் வாங்கிக் குவிக்கக் கூடாது என்றுதான் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. பெரிய வீரர் சின்னச் சம்பளக் கணக்கில் வந்தால் அந்த வரம்பு எதற்கு?

2023இல் புது விதி வந்தது: வரம்பை வெகுவாகத் தாண்டிய அணிகள், பெரிய சம்பளத்தை விட்டு இப்படி வருபவரைச் சேர்க்க முடியாது. இது வீரருக்கும் கதவடைப்புத்தான். அதற்குப் பதிலாக, அவர் விட்டுக்கொடுத்த தொகையைப் புது அணியின் வரம்புக் கணக்கில் ஏற்றலாம். வீரர் விரும்பிய இடத்துக்குப் போகட்டும்; சுமையை அவரை எடுக்கும் அணி ஏற்கட்டும்.